ஒன்பது எழுத்துக் கடன்காரர்

அத்தியாயம் 6

"உங்களுக்குக் கடன் கொடுத்தது யாருன்னு உங்களுக்கே தெரியாதா?"

கேட்டு முடித்ததும் ஃபெலிசியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த மலருக்கு ஏற்கெனவே கண் கலங்கியிருந்தது. காலை எட்டரை மணிக்குத் துப்பறியும் அலுவலகப் படியேறி வருகிறவள் பொழுது போகாமலா வருவாள்?

"சத்தியமா தெரியாது மேடம். ஒரு வெள்ளிகூட நான் யார்கிட்டயும் கடன் வாங்கினதில்ல. வீட்டு லோன் கேட்டுப் போனா, உங்க ரிப்போர்ட்ல பாக்கி நிக்குதுன்னு பேங்க்ல இல்லேன்னுட்டாங்க. ரிப்போர்ட் கம்பெனியக் கேளுங்கன்னாங்க. அங்க போனா, எங்களுக்குத் தெரியாது, கடன் கொடுத்தவரைக் கேளுங்கன்னாங்க. அவரு யாருன்னு கேட்டா, அது ரகசியமாம்!"

"தொல்லை வேணாம்னு கட்டித் தொலைச்சிடலாம்ல?" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

"கட்டிடலாம்னுகூட நினைச்சேன் அங்கிள். யாருக்குக் கட்டறது?"

மூலைக்குரலுக்குச் சொந்தக்காரர் திருச்செல்வம், ஃபெலிசியாவின் உதவியாளர். ஐம்பத்தேழு வயது. சிங்கப்பூர்த் தொழிற்சாலைப் பேருந்தை இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு கைகளுக்கும் கால்களுக்கும்தான். வாய் இன்னும் முழுநேர வேலையில் இருந்தது. ஃபெலிசியாவுக்கு முப்பத்தாறு. வங்கிக் கடன் பிரிவில் ஒன்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, "இனி நான் கேள்வி கேட்கும் இடத்தில் உட்காருகிறேன்" என்று ஜொகூர் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் இந்த அலுவலகத்தைத் திறந்தவள். காலையிலிருந்தே கீழே சம்பல் வதங்கும் வாசனையில் வாடிக்கையாளர்கள் பாதி, பசி பாதியாகத்தான் இங்கே தொழில் நடந்தது.

அவள் அந்த ரிப்போர்ட்டை விரித்தாள். செத்தியா ரெக்கோட் என்ற தகவல் நிறுவனத்தின் முத்திரை. அதன் கீழே 'மலர் a/p மனோகரன்' என்ற பெயர், அடையாள அட்டை எண், முகவரி. அதற்கும் கீழே, பளிச்சென்று சிவப்பில் ஒரே ஒரு வரி. நீண்டநாள் பாக்கி, 5,782 வெள்ளி. கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் ஆங்கில எழுத்து M, ஏழு நட்சத்திரம், பிறகு N.

"மொத்தம் ஒன்பது எழுத்து. M-ல ஆரம்பிச்சு N-ல முடியுது. பேரையே மறைச்சுட்டுப் பாக்கிய மட்டும் காட்டறாங்க. என்ன ஒரு நியாயம்!"

"கடன் கொடுத்தவருக்கு எவ்ளோ மரியாதை பாருங்க பாஸ். வாங்காதவங்க பேருதான் முழுசா இருக்கு" என்றார் திருச்செல்வம்.

மலர் கைக்குட்டையைப் பிசைந்தாள். "இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் மேடம் வீடு கட்டறவங்க அந்த வீட்ட எனக்காக நிறுத்தி வெப்பாங்க. ரிப்போர்ட் சரியாயிடுச்சுன்னு அதுக்குள்ள கடிதம் காட்டினா, பேங்க் ஒத்துக்கற வரைக்கும் வெச்சிருப்பாங்க. இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். ஆறு வருஷமா காலையில நாலு மணிக்கு எழுந்து காஸ்வே பாலம் தாண்டி சிங்கப்பூர்ல வேலை செஞ்சு சேத்த காசு. ஊர்ல, பாலோவுல இருக்கற அம்மாவ அந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னுதான்..."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

மலரின் குரல் உள்ளே போயிருந்தது.

"என் தம்பி. ஹேமநாதன். சாஆங்கற ஊர்ல ஒரு பழைய கார் கடையில வேலை செய்றான். போன வருஷம் என் அடையாள அட்டை, அதான் ஐசி, காப்பி ஒண்ணு வாங்கிட்டுப் போனான். எதுக்குடான்னு கேட்டா சிரிச்சு மழுப்பிட்டான். இப்ப அவன் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாத்தேன். பளிங்கு மாதிரி சுத்தம். ஒரே வீட்டுப் பிள்ளைங்க, எனக்கு மட்டும் எப்படி அழுக்கு? வாய்க்கு வந்தபடி கேட்டுட்டேன். திருடன்னுகூட சொல்லிட்டேன். மூணு வாரமா பேச்சில்ல."

"தம்பியோட முதலாளி பேரு?"

"மதிவாணன்."

திருச்செல்வம் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்தவர் முகம் சுருங்கியது. "பத்து வருது பாஸ். ஒண்ணு கூட."

"நீங்க படிச்சவங்க எழுதற மாதிரி h போட்டு எண்ணறீங்க அங்கிள். நம்ம ஆளுங்களுக்குப் பதிவு ஆபீஸ்ல எவன் எந்த எழுத்த விழுங்கினான்னு யாருக்குத் தெரியும்? கடைப் பலகையப் பாத்தாத்தான் தெரியும். வண்டிய எடுங்க. மலர், லீவு போட்டாச்சுல்ல? நாலு மணிக்கு செத்தியா ரெக்கோட் வாசல்ல நில்லுங்க."

மலரின் அடையாள அட்டை நகலை ரிப்போர்ட்டோடு சேர்த்து மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு ஃபெலிசியா படியிறங்கினாள்.

*

யோங் பெங் டோலைத் தாண்டியதும் முன்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்தது. திருச்செல்வம் ஹாரனில் கை வைக்கவே இல்லை.

"என்ன அங்கிள், முந்த மாட்டீங்களா?"

"அவன் மேல ஏத்தியிருக்கறது முந்நூறு குலை. நம்ம மேல ஏறியிருக்கறது ஒரு கேஸு. யாரு சுமை அதிகம்?" என்றவர், கொஞ்சம் நகர்ந்ததும் சாமர்த்தியமாக முந்தினார். "பாஸ், எனக்கு ஒண்ணு புரியல. இந்த ரிப்போர்ட் கம்பெனிக்காரன் நம்மளப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க மாட்டானா? என் மச்சான் கல்யாணப் பத்திரிகையிலயே என் பேர போடறதுக்கு முன்ன கேட்டான்."

"கேக்கணும்னு எழுதி வெச்சிருந்தாக்கூட யாரும் கேக்கறதில்ல. அதான் அங்கிள் கோளாறே. அவங்க ஒரு வரி எழுதிடுவாங்க. அது தப்புன்னு நாமதான் அலையணும். அந்த ஒரு வரியால வீடு போகும், வேலை போகும், கல்யாணம்கூடப் போகும்."

"தம்பி உறவும் போகுது" என்றார் திருச்செல்வம்.

சாஆ கடைவீதி முனையில் பலகை தெரிந்தது. மதிவாணன் ஆட்டோ. திருச்செல்வம் வண்டியை நிறுத்தி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். h இல்லை. சரியாக ஒன்பது. M-இல் ஆரம்பித்து N-இல் முடிந்தது.

"மாட்டிக்கிட்டான்!" என்று தொடையில் தட்டினார். ஃபெலிசியாவுக்கும் மூக்கில் வியர்த்தது. பாதி நாளில் கேஸ் முடிந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

கடை முற்றத்தில் இருபத்தாறு வயது இளைஞன் ஒருவன் காருக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். மலரின் முகம் அப்படியே அவனுக்கு இருந்தது. விவரம் சொன்னதும் கையிலிருந்த துணியை வாளியில் வீசினான்.

"அக்கா அனுப்பிச்சுதா? திருடன்கிட்ட என்ன விசாரணை வேண்டியிருக்கு? நேரா போலீஸ்ல சொல்லிட வேண்டியதுதானே?"

"ஐசி காப்பி எதுக்கு வாங்கினீங்க?"

ஹேமநாதன் வாளியைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தான். திருச்செல்வம் அவன் தோளில் கை போட்டார். "தம்பி, கோவத்த அப்புறம் வெச்சுக்கலாம். அஞ்சு மணிக்கு உங்க அக்கா வீடு போகப் போகுது."

அது வேலை செய்தது. அவன் பர்ஸிலிருந்து மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்த ரசீதுகளை எடுத்து நீட்டினான். "போனு. தீபாவளிக்கு அக்காவுக்கு வாங்கினேன், மாசத் தவணையில. அக்கா பேர்லயே எடுத்தேன். கடைக்காரன் தெரிஞ்சவன், ஐசி காப்பி போதும்னான். தவணைன்னு தெரிஞ்சா ஏச்சு விழும்னு லக்கி டிராவுல விழுந்துச்சுன்னு பொய் சொல்லிட்டேன். மொத்தமே ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி. ஒரு மாசம்கூடத் தவறல."

ஃபெலிசியா ரசீதுகளைப் புரட்டினாள். பன்னிரண்டும் இருந்தன, ஒவ்வொன்றிலும் போன் கம்பெனியின் முத்திரையும் மலரின் முழுப்பெயரும். அக்காவுக்குக் கொடுத்த பரிசுக்கு இப்படி வரிசையாக ரசீது வைத்திருக்கிறவனைத் திருடன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கடன் ஆயிரத்துத் தொள்ளாயிரம் இல்லை, ஐயாயிரத்துச் சொச்சம். தம்பியை அந்த இடத்திலேயே சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள்.

"அப்ப முதலாளிதான்" என்று திருச்செல்வம் கிசுகிசுத்தார்.

முதலாளி மதிவாணன் தொந்தியைத் தடவியபடி அவர்களை வரவேற்று, பால் கலக்காத குளிர்ந்த தேநீரான தே ஓ ஐஸ் மூன்று வரவழைத்தார். கேள்வியைக் கேட்டதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எனக்குக் கடன் பாக்கி வெச்சிருக்கவங்க சாஆவுல பாதி ஊரு இருக்காங்கம்மா. ஆனா அந்தப் பொண்ணு இல்ல. இருந்தா வசூல் பண்ணியிருக்க மாட்டேனா லா? நம்பலேன்னா கணக்கப் பாருங்க." மேசைக் கணினியை அப்படியே அவர்கள் பக்கம் திருப்பினார். ஒளிக்க ஒன்றுமில்லாத மனிதர்களின் அலட்சியம் அதில் இருந்தது.

திரையில் நீளமாக ஒரு பட்டியல். மலர் என்ற பெயர் எங்கும் இல்லை. ஃபெலிசியாவுக்கு மனம் சோர்ந்தது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. துப்பு இருந்த ஒரே திசையும் முட்டுச்சந்து.

பக்கத்தில் திருச்செல்வம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையை முறைத்தார். "என்னண்ணே இது? டயர் கடைக்காரருக்கு a/p, பெயிண்ட் கடைக்காரருக்கு a/p, கண்ணாடிக்காரருக்கும் a/p! டயர் கடைக்காரர எனக்கு நல்லாத் தெரியும். இவ்ளோ பெரிய மீசை வெச்ச மனுசன். ஐசில a/p-ன்னா மகள்னுதானே அர்த்தம்? அவர் எப்ப யாருக்கு மகளானாரு?"

மதிவாணன் மறுபடி குலுங்கினார். "அது ஐசில போடற a/p இல்லய்யா! கணக்கு பாஷை. அக்கவுண்ட்ஸ் பேயபள். நான் அவங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி."

ஃபெலிசியாவின் கையிலிருந்த தே ஓ பாதி வழியில் நின்றது.

கைப்பையைத் திறந்தாள். ரிப்போர்ட்டை ஒரு கையிலும் அடையாள அட்டை நகலை இன்னொரு கையிலும் பிடித்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் முற்றத்திலிருந்த ஹேமநாதன் எட்டிப் பார்த்தான்.

"என்ன பாஸ், கிறுக்குப் பிடிச்சிடுச்சா?"

"அங்கிள், உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். கடன்காரர் கிடைச்சுட்டாரு. வண்டிய எடுங்க. தம்பி, நீயும் ஏறு."

"நான் எதுக்கு? எனக்கு அக்காகூடப் பேச்சில்ல."

"பேச வேணாம். நேர்ல பாத்துத் திட்டு" என்று திருச்செல்வம் அவனைப் பின்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

*

செத்தியா ரெக்கோட் அலுவலகத்தில் குளிரூட்டி உடம்பை உறைய வைத்தது. கிளை மேலாளர் கமலநாதன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே பேசினார். வாசலில் காத்திருந்த மலரும் உள்ளே வந்திருந்தாள். தம்பி ஒரு மூலையில், அக்கா எதிர்மூலையில், நடுவில் தண்ணீர் இயந்திரம்.

"கடன் கொடுத்தவர் பேரச் சொல்ல முடியாது மேடம். பிரைவசி. பாக்கி இல்லேன்னு அவர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வந்தா பதினாலு வேலை நாள்ல பரிசீலிப்போம்."

"அவர்கிட்டயா? அது கொஞ்சம் கஷ்டம்" என்ற ஃபெலிசியா, முகப்பு மேசையிலிருந்த பெண் பக்கம் திரும்பினாள். மார்பில் லோஷினி a/p குணாளன் என்று பெயரட்டை. "லோஷினி, நீங்க எந்த போன் கம்பெனி?"

லோஷினி சொன்னாள். மலரின் போனும் அதே கம்பெனிதான், தம்பியின் ரசீதுகளில் அந்த முத்திரையைப் பார்த்திருந்தாள். ஃபெலிசியா புன்னகைத்தாள்.

"உங்க சொந்த ரிப்போர்ட்ட எடுத்துப் பாருங்களேன். உங்களுடையதுதானே, ரகசியம் ஒண்ணும் இல்ல."

"எனக்குக் கடனே கிடையாது மேடம்" என்று சிரித்தபடி லோஷினி தட்டினாள். திரை வந்தது. சிரிப்பு வந்த வழியே போனது. "அலமாக்! சார்... எனக்கு ஆறாயிரத்து நூத்திப் பதினாலு வெள்ளி பாக்கியாம்! G-ல ஆரம்பிச்சு N-ல முடியற ஆளுக்கு!"

"எத்தனை எழுத்து?"

"ஏழு."

"உங்க ஐசியோட கடைசி நாலு நம்பர் என்ன?"

"ஆறு, ஒண்ணு, ஒண்ணு, நாலு..." சொல்லும்போதே லோஷினியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"உங்க அப்பா பேர ஆங்கிலத்துல எண்ணுங்க."

லோஷினி மேசையில் விரல் வைத்து எண்ணினாள். குணாளன். ஏழு எழுத்து. G-இல் ஆரம்பித்து N-இல் முடிந்தது. "அய்யோ, நான் எங்க அப்பாவுக்குக் கடன்காரியா?"

ஃபெலிசியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த நிமிடத்துக்காகத்தான் அவள் வங்கி வேலையை விட்டது.

"சார், இந்தப் பதிவுகள எழுத சமீபத்துல புதுசா ஒரு சாஃப்ட்வேர் போட்டீங்களா?"

கமலநாதன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "ஆமா. போன மாசம், வெளிநாட்டுல வாங்கினது. அந்த போன் கம்பெனியோட வாடிக்கையாளர் பட்டியலத்தான் முதல்ல ஏத்தினோம்."

"அதுக்குக் கணக்கு பாஷை மட்டும்தான் தெரியும். a/p-ன்னா அனாக் பெரம்புவான், மகள்னு நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுக்குத் தெரியல. கொடுக்க வேண்டிய பாக்கின்னு படிச்சிருக்கு. a/p-க்கு முன்னால இருக்கறவ கடன் வாங்கினவ, பின்னால இருக்கறவர் கொடுத்தவர். தொகை எங்கன்னு தேடியிருக்கு. ஐசியோட கடைசி நாலு நம்பர எடுத்துக்கிச்சு. தம்பி பேர்ல இருக்கறது a/l, மகன். கணக்கு பாஷையில அதுக்கு அர்த்தமே இல்ல, அதனால விட்டுடுச்சு. அதான் தம்பிக்குச் சுத்தம், அக்காவுக்கு அழுக்கு."

மலர் மெல்லக் கேட்டாள். "அப்ப என்னோட அந்த ஒன்பது எழுத்து..."

"மனோகரன். உங்க அப்பா."

"அப்பா செத்து ஆறு வருஷமாச்சே மேடம்" என்றாள் மலர். தண்ணீர் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் ஹேமநாதன் சட்டென்று தலை நிமிர்ந்தான். பாலோவில் செம்பனை லாரி ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய மனிதரைப் பற்றி ஃபெலிசியா வரும் வழியில் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

கமலநாதன் அசடு வழியத் தொண்டையைச் செருமினார். "தவறு நடந்திருக்கலாம். முறைப்படி மனு எழுதிக் கொடுத்தீங்கன்னா பதினாலு வேலை நாள்ல..."

அவ்வளவுதான். ஃபெலிசியாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன சார் முறைப்படி? ஒரு பொண்ணப் பத்தி எழுதறதுக்கு முன்ன அவளுக்கு ஒரு வரி தெரியப்படுத்தினீங்களா? கேட்டு வந்தப்ப யாருக்குக் கடன்னு சொன்னீங்களா? எழுத ஒரு நொடி, அழிக்கப் பதினாலு நாளா? தப்பு நீங்க பண்ணுவீங்க, அது தப்புன்னு நிரூபிக்க நாங்க சாஆ வரைக்கும் பெட்ரோல் போடணுமா? சட்டம் இருக்கு. அதுக்கு இன்னும் நல்ல பல்லு வேணும். யாரு பேருல எழுதறீங்களோ அவங்களுக்கு மொதல்ல சொல்லணும். அவங்க இல்லேன்னு சொன்னா, ஆமான்னு நிரூபிக்கற வரைக்கும் அந்த வரிய மூடி வைக்கணும். அத நீங்கதான் நிரூபிக்கணும், நாங்க இல்ல. அந்தப் பட்டியல்ல எத்தனை a/p இருக்கு?"

லோஷினி ஏற்கெனவே தட்டிப் பார்த்திருந்தாள். "ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு மேடம்."

"ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு மகள்களையும் நாளைக்கு இந்தப் படியில வரிசையா நிக்க வைக்கட்டுமா? தே ஓ ஐஸ் நீங்கதான் வாங்கித் தரணும்."

"எனக்குச் சர்க்கரை கம்மியா" என்றார் திருச்செல்வம்.

கமலநாதன் உதவிக்கு லோஷினியைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "சார், அடுத்த மாசம் நான் கார் லோன் போடறேன். எனக்கும் ஒரு கடிதம் வேணும்."

சொந்த ஊழியரே அந்தப் பக்கம் சாய்ந்த பிறகு மனிதர் என்ன செய்வார்? அந்தப் பட்டியல் முழுவதையும் உடனே நிறுத்தி வைக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். நாலு இருபதுக்கு மலரின் கையில் முத்திரையோடு கடிதம் இருந்தது. வீடு கட்டித் தரும் நிறுவனத்தின் அலுவலகம் பத்து நிமிட தூரம்தான். திருச்செல்வம் சாவியை விரலில் சுழற்றினார்.

"மிஸ் மலர், இந்தப் பதிவ அழிக்கறேன். சரியா?" என்றார் கமலநாதன், குரலில் இப்போது ஏகப்பட்ட மரியாதை.

"அழிங்க சார்." மலர் ஒரு கணம் தயங்கினாள். "அதுக்கு முன்ன அந்தப் பக்கத்த ஒரு காப்பி எடுத்துக் கொடுங்க. பேர மறைக்காம."

அச்சு இயந்திரம் கடகடத்தது. நட்சத்திரங்கள் இல்லாத தாள் வந்தது. கடன் வாங்கியவர் மலர், கொடுத்தவர் மனோகரன், நீண்டநாள் பாக்கி. மலர் அப்பாவின் பெயர் மேல் விரலை ஓட்டினாள். பிறகு தாளோடு தண்ணீர் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு தம்பியிடம் போனாள்.

"ஹேமா... அந்தப் போனுக்கு மாசா மாசம் நீ கட்டினத, கடிதத்துக்குக் காத்திருந்தப்ப ஃபெலிசியா மேடம் சொன்னாங்க. உன்ன என்னென்னமோ சொல்லிட்டேன்டா. மன்னிச்சிரு."

ஹேமநாதன் நிமிரவில்லை. அவள் கையிலிருந்த தாளை வாங்கினான். மேலிருந்து கீழ்வரை படித்தான். திரும்பவும் படித்தான்.

அவன் கமலநாதனைப் பார்த்துக் கேட்டான்.

"சார், அப்பாவுக்கு அக்கா மட்டுமா கடன்பட்டது? என் பேரையும் போடுங்க சார்."